வயலுக்குப் போகும் பையில் என்ன இருக்கிறது?

வங்கியில் 34 வருஷம் வேலை பார்த்தவன் நான். பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், இன்னொன்று கேஷியரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். நான் மறந்து போனால் அன்றைக்குக் கிளையே நின்றுவிடும். அதனால் வீட்டை விட்டு இறங்கும்போது பையைத் தடவிப் பார்க்கிற பழக்கம் உடம்போடு ஒட்டியிருந்தது. ஓய்வு பெற்று, புதுக்கோட்டை பக்கம் மூன்று ஏக்கரில் இயற்கை விவசாயம் ஆரம்பித்ததும் அதை விட்டுவிட்டேன். நம்ம வயல்தானே என்று வெறுங்கையை வீசிக்கொண்டு போவேன். பட்ட பிறகுதான் புத்தி வந்தது.

முதலில் பட்டது தட்டைப்பயறில். கொழுந்தெல்லாம் அசுவினி. நடுவில் கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி சில புழுக்கள். இதுவும் பயிரைக் கெடுக்க வந்ததுதான் என்று அக்னி அஸ்திரம் அடித்துவிட்டேன். பக்கத்து வயல் பெரியவர் வந்து பார்த்தார். “தம்பி, அசுவினியைத் திங்க வந்தவனைப் போய் அடிச்சுட்டீங்களே!” என்றார். அது பொறிவண்டின் புழுவாம். சில நாளில் அசுவினி திரும்ப வந்தது, தின்னத்தான் ஆள் இல்லை.

அன்றிலிருந்து பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சின்ன லென்ஸ் ஒன்று கயிற்றில் கட்டி என் கழுத்தில் தொங்குகிறது. இலையில் உப்பிப்போய்ப் பழுப்பாக ஒட்டிக்கிடக்கும் அசுவினியை அதில் பாருங்கள். அதற்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது என்று அர்த்தம். முதுகில் வட்டமாக ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. இப்படிப் பரவலாகத் தெரிந்தால் தெளிப்பானைத் தூக்க அவசரப்பட வேண்டாம்.

அடுத்தது டார்ச். எங்கள் பக்கம் மும்முனை மின்சாரம் சில நாள் ராத்திரி முறையில் வரும். ஒருநாள் மோட்டார் போட செல்போன் வெளிச்சத்திலேயே போனேன். கொட்டகைக்குப் பத்தடி இருக்கும்போது சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. குக்கர் விசில் மாதிரி ஒரு சீறல், வெகு பக்கத்தில். கண்ணாடி விரியன்! வந்த வழியே மெல்லப் பின்வாங்கினேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கடித்திருந்தால் 108-ஐக் கூப்பிட என்னிடம் இருந்தது அதே செத்துப்போன போன்தான். அதனால் வெளிச்சத்துக்கு டார்ச், பேசுவதற்குப் போன் என்று தனித்தனியாக இருக்கட்டும். தரையைத் தட்டிக்கொண்டு நடக்க ஒரு கம்பும் வேண்டும். யாரையாவது பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். நடக்க விடாமல், கடிபட்ட காலை அசைக்காமல், விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குறிப்பதற்குச் சின்ன நோட்டும் பென்சிலும். பேனா மை ஈரம் பட்டால் கரையும், பென்சில் கரையாது. தேதி, எந்தப் பாத்தி, என்ன தெளித்தோம், எவ்வளவு என்பதை வரப்பில் நின்றே எழுதிவிடுவேன். ‘பஞ்சகவ்யா 3 சதம், 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி’ என்று ஒரு வரி போதும். சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம் என்றால் பாதி மறந்துவிடும். அங்ககச் சான்றுக்கு ஆய்வுக்கு வருபவர்கள் முதலில் கேட்பதே பண்ணைப் பதிவேட்டைத்தான். பேங்க் பாஷையில் சொன்னால், பதியாத வரவு வரவே இல்லை.

மற்றவை சில்லறைச் சாமான்கள். ஒரு மடக்குக் கத்தி, கொஞ்சம் சணல், நாலு சிவப்புத் துணிக் கிழிசல். நன்றாகக் காய்க்கிற செடியில் கிழிசலைக் கட்டிவிட்டால், விதைக்கு விட்ட காயை யாரும் தெரியாமல் பறிக்க மாட்டார்கள்.

லென்ஸும் போனும் போக மற்றதெல்லாம் ஒரு மஞ்சப்பையில் அடங்கும். அது வாசல் ஆணியில் தொங்கும். நான் வைத்திருப்பதையே நீங்களும் வைக்க வேண்டும் என்றில்லை. ஒரு வாரம், எதை எடுக்க வயலிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். அவற்றை மட்டும் பையில் போடுங்கள். அதற்கு மேல் போட்டால் கனக்கும். கனத்தால் பை ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், நாம் மறுபடியும் வெறுங்கையோடு போவோம்.