மண்ணுக்குள் ஓர் உறவு: பெரணிகளும் பூஞ்சைகளும்

விருத்தாசலம் என்றவுடன் பீங்கானும் அதற்குரிய களிமண்ணும் நினைவிற்கு வரும். அவ்வூர்ப்புறத்து நன்செய் வரப்புகளில் நான்கு சிற்றிலைகளை விரித்து நிற்கும் ஆரைக்கீரையை யாரும் பொருட்படுத்துவதில்லை. கீரை என்று கொய்து சமைக்கிறோம். உண்மையில் அது பூவாத, காய்க்காத பெரணி இனத்தைச் சார்ந்தது. காம்பின் அடியில் பயறு போன்ற கடின உறைக்குள் அதன் வித்துகள் அடங்கியிருக்கும். மற்றப் பெரணிகள் பலவற்றில் இவ்வித்துகள் இலையின் பின்புறம் பழுப்புப் புள்ளிகளாகத் திரண்டிருக்கும்.

இப்புள்ளிகளின் வடிவமும் இலையின் அமைப்புமே நெடுங்காலம் பெரணிகளை வகைப்படுத்தும் அளவுகோல்களாக விளங்கின. சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெடோம் 1863-64-இல் தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களுடன் நூலாக்கினார். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் மாணிக்கமும் இருதயராஜும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளைத் தொகுத்து 1992-இல் வெளியிட்டனர். அருமையான உழைப்பு அது.

பின்னர் மரபணு ஆய்வு வந்தது. உலகின் ஏறத்தாழ 12,000 சிற்றினங்களை ஒழுங்குபடுத்திய 2016-ஆம் ஆண்டின் வகைப்பாட்டில் ஒரு வியப்பு உண்டு. வேரும் உண்மையான இலையும் அற்ற சைலோட்டத்தைத் தொல்பழந் தாவரங்களின் எச்சம் என்றே நாம் பாடநூலில் பயின்றோம். அதுவோ, ஒற்றை இலையுடன் புல்லிடையே முளைக்கும் ஓபியோகிளாசத்தின் நெருங்கிய உறவாகிவிட்டது! (பின்னதன் ஓர் இனத்தில் 1,260 குரோமோசோம்கள் உள்ளன, மனிதனுக்கு 46 மட்டுமே.) புறத்தோற்றத்தில் இவ்விரண்டிற்கும் ஒற்றுமை ஏதுமில்லை. ஆயின் மண்ணுக்குள் இருக்கிறது. வித்திலிருந்து முளைக்கும் இவற்றின் இளம் உடலம் பச்சையமின்றி இருளில் வளர்கிறது; அதற்கு உணவூட்டுவது பூஞ்சையே. பூஞ்சை வாராவிடின் வித்து முளைத்தும் பயனில்லை.

ஏனைய பெரணிகளிலும் இவ்வுறவு பரவலாக உண்டு. பூஞ்சை இழை வேரின் உயிரணுவிற்குள் புகுந்து சிறு மரம்போல் கிளைக்கிறது. களிமண் இறுகப் பற்றிவைத்திருக்கும் மணிச்சத்தை, வேர் எட்டாத தொலைவிலிருந்தும் ஈர்த்துத் தருகிறது. கைம்மாறாக இலை சமைத்த சர்க்கரையையும் கொழுப்பையும் பெறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளில் இதனைக் கோவை ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் விரிவாகப் பதிவு செய்தனர். நீர்வாழ் பெரணிகளிலும் மரத்தில் தொற்றி வாழ்வனவற்றிலும் இது குறைவு. ஸ்காட்லாந்தின் ரைனி என்னுமிடத்தில் கிடைத்த, 40 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட வேரற்ற தாவரங்களின் புதைபடிவங்களிலும் இத்தகைய பூஞ்சை காணப்படுகிறது. அதாவது, வேர் தோன்றுமுன்பே இவ்வுறவு தோன்றிவிட்டது.

கல்விச் சுற்றுலா என்று ஏற்காட்டிற்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் நம் மாணவர்கள் பெரணிகளைக் கிழங்கோடு பிடுங்கி வருவதைக் காணும்போது மனம் வருந்துகிறது. வீட்டுத் தொட்டியில் நட்ட சில வாரங்களில் அவற்றுட் பல வாடிவிடுகின்றன. காற்றும் ஈரமும் மாறியது ஒரு காரணம், பழகிய மண்ணைப் பிரிந்தது மற்றொன்று. உலர் மாதிரிக்கு வித்துப் புள்ளிகளுடன் கூடிய ஓர் இலை பெரும்பாலும் போதும். ஓபியோகிளாசமோ மழைக்குப் பின் சில வாரங்களே தரைக்கு மேல் தலைகாட்டும். கல்லூரித் திடலின் ஓரத்தில் அதனைக் காண நேர்ந்தால், அவ்விடத்தை உழாமலும் செதுக்காமலும் விட்டுவைக்கத் தோட்டக்காரரிடம் ஒரு சொல் சொல்லிவைக்கலாம்.