பூனைகள் மிஞ்சிய தீவு

எலிக்குப் பூனை வேண்டும் என்று கமக்காரருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விதைநெல் சாக்கின் அடியில் எலி ஓட்டை போட்டால் அடுத்த போகமே கேள்விக்குறிதான். ஆனால், பூனை பெருகும் வேகத்தை நாம் கணக்குப் பார்ப்பதில்லை. குட்டிகள் கூடியதும் உரப்பையில் கட்டிச் சந்தையடியில் விட்டு வருகிறோம். தாய்ப்பூனை இரண்டு நாள் கத்தித் திரியும். அடுத்த மாதமே மீண்டும் சினைப்பட்டுவிடும்.

யப்பானின் எஹிமே மாகாணத்தில் அவோஷிமா என்றொரு சிறு தீவு உண்டு. நீளம் ஏறத்தாழ ஒரு மைல். மீன்பிடிதான் அங்கே தொழிலாக இருந்தது. வள்ளங்களில் எலித்தொல்லை தாளாமல் அங்குள்ளோர் பூனைகளைக் கொண்டுவந்தார்கள். 1945 அளவில் சுமார் 900 பேர் அங்கே வாழ்ந்தனர். பின்னர் இளையோர் பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போனார்கள். 2015 அளவில் எஞ்சியிருந்தவர் ஏறக்குறைய 15 பேர், பெரும்பாலும் முதியவர்கள். பூனைகளோ நூற்றுக்கு மேல்! (எம்மவரைப் போல் குண்டுக்குப் பயந்து அவர்கள் ஓடவில்லை. ஆனாலும் பூட்டிய வீடுகளும் பசித்த பூனைகளும் எமக்குப் பழக்கமான காட்சிதான். ஆடு மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தோம். அடுப்படியில் படுத்திருந்த பூனையை எத்தனை பேர் நினைத்தோம்?)

பூனை ஐந்தாறு மாதத்திலேயே பருவமடைந்துவிடும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். ஓர் ஈற்றில் நாலைந்து குட்டி. ஆண்டில் இரண்டு மூன்று ஈற்று. பால் கொடுக்கும்போதே மறுபடி சினைப்படவும் கூடும். அவோஷிமாவின் முதியவர்களால் இதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. எனவே 2018இல் மிருக வைத்தியர்கள் தீவுக்குச் சென்று பூனைகளுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தார்கள்.

மாட்டுக்கு நலமடிப்பதை அறிந்த எமக்கு இது விளங்காத காரியமல்ல. ஆனால் பூனையை மயக்கியே செய்கிறார்கள். கடுவனுக்கு விதைகளை எடுப்பார்கள். பெட்டைக்கு வயிற்றைத் திறந்து சூலகத்தையும் கருப்பையையும் அகற்றுவார்கள். யப்பானில் அடையாளமாகக் காதின் நுனியில் சிறு வெட்டும் இடுவார்கள்: கடுவனுக்கு வலக்காது, பெட்டைக்கு இடக்காது. ஒருமுறை வெட்டிய பூனையை மீண்டும் பிடித்து வருத்தத் தேவையில்லை.

நலமெடுத்த பூனை எலி பிடிக்காது என்று சிலர் சொல்வது சரியல்ல. வேட்டைக்குணம் போய்விடாது. இரவுச் சண்டையும் ஊர்சுற்றலும்தான் குறையும்.

சத்திரசிகிச்சையோடு அங்கே வேலை முடியவில்லை. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் நன்கொடையாக உணவு வந்தது. அங்கிருந்த முதியவர்கள் நாள்தோறும் அதை வைத்தார்கள். குட்டி பிறப்பது நின்று, முதுமையாலும் நோயாலும் தொகை மெல்லக் குறைந்தது. கடல் சூழ்ந்த இடமாதலால் வெளிப்பூனை வந்து சேரவில்லை. எமது ஊர்களில் அப்படியல்ல. ஒரு வீட்டுப் பூனைக்கு மட்டும் செய்து பயன் காண்பது கடினம். அயலில் நாலு குடும்பங்கள் சேர்ந்து, முதலில் பெட்டைகளைக் கொண்டுபோவதே புத்தி. குட்டி போடுவது அவைதானே!

இதுபற்றி உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். விசர்நோய்த் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்; நாயைப் போலப் பூனையும் விசர்நோயைப் பரப்பும். எந்த நேரத்திலிருந்து தீன் நிறுத்த வேண்டும் என்பதை வைத்தியரிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள். கொண்டுபோக மூடியுள்ள கூடையோ காற்றுப்புகும் பெட்டியோ போதும். திரும்பி வந்ததும் ஈரமில்லாத மூலையில் சாக்கு விரித்து, மயக்கம் முற்றாகத் தெளியும்வரை அடைத்து வையுங்கள். புண் வீங்கினாலோ சீழ் வைத்தாலோ உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். நோகிறதே என்று இரங்கிப் பனடோல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்கு உதவும் அந்தக் குளிசை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும்.

பிடிக்கும்போது கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.