பனிக்கால உலையும் பழுதுபார்ப்போரும்

வெப்ப நாட்டில் குளிர்சாதனம் பழுதானால் வீட்டார் வியர்வையோடு ஓர் இரவைக் கழித்துவிடுவர். ஈழத்தமிழர் பல்லாயிரவர் குடியேறியுள்ள கனடாவின் டொராண்டோ நகரில், சனவரித் திங்களில் வெப்ப உலை நின்றுபோனால் நிலைமை வேறு. சில இரவுகளில் அங்கே வெளிக்குளிர் சுழியத்திற்குக் கீழே 20 பாகைவரை இறங்கும். உலை நின்ற வீடு சில மணி நேரத்தில் குளிர்ந்துவிடும். குழாய்களிலுள்ள நீர் உறைந்தால் ஏறக்குறைய 9 விழுக்காடு விரிவடைவதால் குழாய்கள் வெடிக்கும். முதியோர்க்கும் குழந்தைகட்கும் உயிருக்கே இடையூறு நேரும். அவ்வேளையில் வந்து நிற்பவர் எவராயினும், அவர் கேட்ட தொகையைக் கொடுத்துவிடவே மனம் விரையும். ஆதலின், பழுதுபார்ப்பவரைக் குளிர் வருமுன்பே தெரிந்து வைத்தல் வேண்டும்.

உலையின் அமைப்பு எளியது. உள்ளறையில் இயற்கை வாயு எரிகிறது. அந்த வெப்பம் வெப்பமாற்றி எனப்படும் உலோகச் சுவரின் வழியே தூய காற்றுக்கு ஏறுகிறது. விசிறி அக்காற்றைக் குழல்வழியே அறைதோறும் செலுத்துகிறது. எரிந்த புகை தனிக்குழாய் வழியே வெளியேறுகிறது.

உலை நின்றதும் வீட்டாரே பார்க்கத்தக்கவை சில உள. மின் ஆளி அணைந்துள்ளதா? வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியின் மின்கலம் தீர்ந்ததா? காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டதா? அடைபட்டால் உலை அளவுக்கு மீறிச் சூடேறித் தானே நின்றுவிடும். வெளிச்சுவரில் உள்ள புகைக்குழாயைப் பனி மூடியுள்ளதா? இவற்றைப் பார்த்தபின் அழைத்தால், வீண் கூலி மிச்சமாகும்.

வாயு எரியும் பகுதியை மட்டும் வீட்டார் தொடலாகாது. புகை வெளியேறாவிடின் மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வீட்டில் பரவும். 2008ஆம் ஆண்டு ஒண்டாரியோ மாகாணத்தின் உட்ஸ்டாக் நகரில் ஒரே குடும்பத்தார் நால்வர் இந்நச்சுவாயுவால் மாண்டனர். அதன் விளைவாக, இதனை உணர்த்தும் எச்சரிக்கை மணி வீடுகளில் இருத்தல் வேண்டும் என 2013இல் சட்டம் இயற்றப்பட்டது. மணி ஒலித்தால் அனைவரும் உடனே வெளியேறி 911ஐ அழைத்தல் வேண்டும்.

வாயு உலையைத் தொடுவோர் அம்மாகாணத்தில் உரிய சான்று பெற்றிருத்தல் கட்டாயம். தொழில்நுட்பத் தரங்கள் பாதுகாப்பு ஆணையத்தில் நிறுவனம் பதிவு பெற்றுள்ளதா என்பதை எவரும் சரிபார்க்கலாம். இரவில் வந்து பார்ப்பதற்கே கட்டணம் எவ்வளவு, மணிக்கூலி எவ்வளவு, உதிரிப்பாகம் வண்டியில் உண்டா என்பவற்றை வேலை தொடங்குமுன் கேட்பது முறை.

உலை ஆபத்தான நிலையில் இருப்பின் தொழிலாளர் சிவப்புச் சீட்டு ஒட்டுவர். இது இருவகைப்படும். உடனடி ஆபத்தாயின் வாயு அப்போதே நிறுத்தப்படும். அல்லாதாயின் திருத்திக்கொள்ளத் தவணை உண்டு. எவ்வகைச் சீட்டு என்று வினவுதல் அறிவுடைமை. “வெப்பமாற்றி விரிந்துவிட்டது, புதிய உலை வாங்குக” என்றால், அவ்விரிசலைக் காட்டும்படி கேட்டு, எழுத்தில் பெறுதல் நன்று. புதிய உலைக்கு வேறொருவரிடமும் விலை கேட்கலாம். அதுவரை மின்கணப்பு ஓர் அறையைக் காக்கும்.

அழையாமலே வாயிலுக்கு வந்து உலை, குளிர்சாதனம், நீர்சூடேற்றி ஆகியவற்றை விற்று ஒப்பந்தம் செய்வது ஒண்டாரியோவில் 2018 மார்ச் 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஆதலின் கதவைத் தட்டி வந்தவரிடம் கையொப்பம் இடத் தேவையில்லை.

வாடகைக் குடியினர் தாமே ஆள் தேடுமுன், வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். குளிர்காலத்தில் 21 பாகைக்குக் குறையாத வெப்பம் அளிப்பது டொராண்டோவில் வீட்டுக்காரரின் கடமை. அவர் வாளாவிருந்தால் 311இல் நகராட்சியிடம் முறையிடலாம்.

பல வீடுகளில் கோடைக்குளிர்ச்சியும் அதே குழல்களின் வழியே வருகிறது. இரண்டையும் பழுதுபார்ப்பவர் பெரும்பாலும் ஒருவரே. எனவே, கோடையில் குளிர்சாதனத்தைப் பார்க்க அழைத்தவரின் நேர்மையையும் கூலியையும் அப்போதே எடைபோட்டுக் கொள்ளலாம். இலையுதிர் காலத்தில் உலையையும் அவரைக்கொண்டே ஆய்ந்து, அவர் எண்ணை உலையருகே எழுதி வைத்தவர், பனிபொழியும் நள்ளிரவில் யாரை நம்புவது என்று திகைக்க மாட்டார். வருமுன் காப்பவர்க்குப் பழுது செலவாக முடியும். காவாதவர்க்கோ அது கேடாக முடியும்.