மேற்கே, கொஞ்சம் வடக்கே

ஞானக்கவி பீர் முகமது அப்பா அடங்கியிருக்கும் தக்கலையில் ஒருவர் தொழ நின்றால், அவர் முகம் நேர் மேற்கு நோக்கி இருக்காது. குமரி மாவட்டத்திலிருந்து பார்த்தால் மக்கா இருப்பது மேற்கிலிருந்து சுமார் 24 பாகை வடக்கே. அதுதான் இங்கே கிப்லா.

தொழுகைக்கான அழைப்பான பாங்கு ஒலித்ததும், ஒளு எனும் தூய்மை செய்தல். நீர்த்தொட்டியான ஹவுளின் ஓரம் குந்தியிருந்து முகத்தையும் முழங்கை வரை கைகளையும் கழுவி, ஈரக்கையால் தலையைத் தடவி, கணுக்கால் வரை பாதங்களைக் கழுவுகிறார்கள். கால்விரல் இடுக்கில் சுண்டுவிரலை விட்டுத் தேய்க்கும் அந்தப் பொறுமை அழகானது.

ஐவேளைத் தொழுகையில் கடமையானது, அதிகாலை சுபுஹுக்கு 2 ரக்அத், அதாவது 2 சுற்று. லுஹர், அஸர், இஷாவுக்கு நான்கு நான்கு, மஃரிபுக்கு 3. ஆக, நாளொன்றுக்கு 17.

ஒவ்வொரு ரக்அத்திலும் நின்று குர்ஆனின் ஃபாத்திஹா அத்தியாயம் ஓதி, ஒருமுறை குனிந்து, இருமுறை சிரம் பணிய வேண்டும். சுஜூது எனும் அந்தச் சிரம் பணிதலில் மூக்கோடு சேர்ந்த நெற்றி, உள்ளங்கைகள், முழங்கால்கள், இரு பாதங்களின் விரல்கள் என 7 உறுப்புகள் தரையில் பதியும்.

நிற்க இயலாத முதியவர் உட்கார்ந்து தொழலாம். உட்காரவும் முடியாதவர் படுத்தபடியே சைகையால் தொழுவார்.