நெதர்லாந்தில் வீடு வாங்கும் முன்: விலை, வட்டி, நம் பொறுப்பு

ஆம்ஸ்டர்டாம், ஆம்ஸ்டல்வேன் பகுதிகளில் வேலை நிமித்தம் குடியேறியிருக்கும் நம் குடும்பங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு கேள்வியில் வந்து நிற்கின்றன. "மாதாமாதம் வாடகைக்கே சம்பளம் போகிறது. அதே பணத்தைக் கட்டினால் அல்மேரேவில் தோட்டத்தோடு ஒரு வீடு சொந்தமாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா ஹஜ்ரத்?"

இதில் வீட்டைப் பற்றிய கேள்வி ஒன்றும் கடனைப் பற்றிய கேள்வி ஒன்றும் கலந்திருக்கின்றன. முதலாவதைத் தரகரிடமும் இரண்டாவதை ஆலிமிடமும் தனித்தனியாகக் கேட்கிறோம். தரகருக்கு மார்க்கம் தெரியாது. ஆலிமுக்கு அந்த நாட்டு நடைமுறை தெரியாது. முடிவு எடுக்கவேண்டியவரோ நடுவில் நிற்கிறார். ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

அல்மேரே ஏன்?

அல்மேரே நகரம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் தண்ணீர். அணை கட்டி, நீரை வெளியேற்றி, 1968இல் அந்த நிலத்தை மீட்டார்கள். 1976இல் அல்மேரே ஹாவன் பகுதியில் முதல் குடும்பங்கள் குடியேறின. இன்று இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலில் ஏறத்தாழ அரை மணி நேரப் பயணம். அங்கே ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டுக்குக் கொடுக்கும் விலையில், இங்கே மூன்று படுக்கையறையும் பின்புறம் சிறு தோட்டமும் உள்ள வரிசை வீடு கிடைக்க வாய்ப்புண்டு. குழந்தைகள் உள்ள குடும்பங்களை இதுதான் இழுக்கிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. ரோட்டர்டாம், ஸான்டாம் போன்ற பழைய ஊர்களில் மரத்தூண்கள்மேல் நிற்கும் வீடுகள் ஏராளம். நிலத்தடி நீர் இறங்கினால் அந்தத் தூண்கள் உளுத்துப்போகும். அஸ்திவாரத்தைச் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு குடும்பத்தையே கவிழ்த்துவிடும். அல்மேரே புதிய நகரம் என்பதால் இந்தக் கவலை இல்லை. ஆனாலும் தொடக்கக்கால வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நெதர்லாந்தில் 1993இல்தான் தடைசெய்யப்பட்டது. அல்மேரேயின் பல பகுதிகளில் வீட்டைச் சூடாக்கும் வெந்நீர், நகரப் பொது இணைப்பிலிருந்து வருகிறது. அதற்கு வேறு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. வீட்டுக்காரரின் கடந்த ஆண்டு பில்லைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

விளம்பரத்தில் வராத செலவு

நெதர்லாந்தில் பழைய வீட்டின் விலைக்குப் பக்கத்தில் 'காகா' என்று உச்சரிக்கும் இரண்டு எழுத்துகள் இருக்கும். பதிவுச் செலவெல்லாம் வாங்குபவர் தலையில் என்பது அதன் பொருள். நாமே குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்து மாற்று வரி 2 சதவீதம். 4,00,000 யூரோ வீடு என்றால் 8,000 யூரோ. 35 வயதுக்குக் கீழ் உள்ளவர் முதல்முறை வாங்கினால், குறிப்பிட்ட விலை வரம்புக்குள் இந்த வரி கிடையாது. 2025இல் அந்த வரம்பு 5,25,000 யூரோ. இது ஆண்டுக்கு ஆண்டு மாறும். இதோடு நோட்டரி கட்டணம், மதிப்பீட்டாளர் கட்டணம், கடன் ஆலோசகர் கட்டணம், கட்டடத்தைப் பரிசோதிப்பவருக்கான கட்டணம் எல்லாம் சேரும்.

2018 முதல் அந்த நாட்டில் வீட்டின் மதிப்பில் 100 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்கடன் கிடையாது என்பது பொது விதி. ஆகவே மேலே சொன்ன செலவுகள் முழுவதும் கைப்பணம். போட்டியில் விலையை ஏற்றி, மதிப்பீட்டாளர் சொன்ன மதிப்பைத் தாண்டி வாங்கினால் அந்த வித்தியாசமும் கைப்பணம்தான். வாங்கிய பிறகு நகராட்சிக்குச் சொத்துவரி, நீர் வாரியத்துக்குத் தனி வரி. கடல் மட்டத்துக்குக் கீழே வாழ்வதற்கான விலை அது. அடுக்குமாடி என்றால் உரிமையாளர் சங்கத்துக்கு மாதச் சந்தா. சங்கத்தின் சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.

இந்தச் செலவுகளுக்காகச் சேர்த்துவைக்கும் பணத்துக்கும் ஜகாத் உண்டு என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். நிஸாபை அடைந்து ஓர் ஆண்டு கடந்தால், 'வீட்டுக்காகத்தானே வைத்திருக்கிறோம்' என்ற காரணம் செல்லாது. குடியிருக்கும் வீட்டுக்கு ஜகாத் இல்லை. வீடாக மாறும்வரை அது பணம்தான்.

மூன்று நாள் அவகாசம்

அங்கே பெரும்பாலும் மூடிய ஏலமாக விலை கேட்கிறார்கள். மற்றவர் எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. அதிக விலை சொன்னவருக்கே கொடுக்கவேண்டும் என்ற கட்டாயமும் விற்பவருக்கு இல்லை. இதில் நமக்குள்ள ஆபத்து பதற்றம். மூன்று வீடு கைநழுவிய பிறகு நான்காவது வீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விலை சொல்கிறோம். கட்டடப் பரிசோதனை வேண்டாம், கடன் கிடைக்காவிட்டால் விலகும் நிபந்தனையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறோம். அந்த நிபந்தனை இல்லாமல் கையெழுத்திட்டு, பிறகு வங்கி மறுத்துவிட்டால், வழக்கமான ஒப்பந்தப்படி விலையில் 10 சதவீதம் அபராதம். 4,00,000 யூரோ வீட்டுக்கு 40,000 யூரோ!

டச்சுச் சட்டம் இங்கே ஒரு பாதுகாப்பு தருகிறது. 2003 முதல், தனிநபர் வாங்கும் குடியிருப்பு வீட்டுக்கு ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். கையெழுத்தான பிரதி கைக்கு வந்தபின் வாங்குபவருக்கு மூன்று நாள் யோசிக்கும் அவகாசம் உண்டு. காரணம் சொல்லாமலேயே விலகலாம்.

ஃபிக்ஹ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. வியாபாரத்தில் ஏமாந்துபோகும் ஒரு தோழருக்கு நபி (ஸல்) அவர்கள் மூன்று நாள் விருப்புரிமை கொடுத்த செய்தி ஹதீஸில் உண்டு. நிபந்தனையாக வைக்கும் விருப்புரிமைக்கு ஷாஃபி மத்ஹபில் உச்ச வரம்பு மூன்று நாள்தான். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்வதுதான் குர்ஆனின் மிக நீளமான வசனம் (அல்பகரா 282). எனவே அந்த மூன்று நாளை வீண்போகவிட வேண்டாம். ஒப்பந்தம் டச்சு மொழியில் இருக்கும். வரிக்கு வரி புரிந்த ஒருவரை உட்கார்த்திப் படியுங்கள்.

வட்டி என்ற கேள்வி

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறோம். 4,00,000 யூரோவை 4 சதவீத வட்டியில் 30 ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 1,910 யூரோ. முதல் மாதத்தில் அதில் 1,333 யூரோ வட்டி. அசலில் கழிவது 577 யூரோகூட இல்லை. முப்பது ஆண்டில் வட்டி மட்டும் சுமார் 2,87,000 யூரோ. 'வாடகை வீண், தவணை சேமிப்பு' என்ற பேச்சை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

வட்டி ஹராம் என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் எல்லோரையும் ஹதீஸ் ஒரே வரிசையில் எச்சரிக்கிறது. வேறுபாடு எழுவது, நிர்ப்பந்தம் எது என்பதில். ஐரோப்பிய ஃபத்வா மற்றும் ஆய்வுக் கவுன்சில் 1999இல், வேறு வழி இல்லாத முஸ்லிம் குடும்பம் குடியிருக்க மட்டும் ஒரு வீட்டை வங்கிக் கடனில் வாங்கலாம் என்று பெரும்பான்மையாக முடிவு செய்தது. வேறு வீடு இருக்கக்கூடாது, வாங்கப் போதுமான வேறு சொத்தும் இருக்கக்கூடாது என்பவை அதன் நிபந்தனைகள். உலகின் பல உலமாக்கள் இதை ஏற்கவில்லை. வாடகைக்கு வீடு கிடைக்கும்போது நிர்ப்பந்தம் எங்கே என்பது அவர்கள் கேள்வி.

நம் கருத்து இதுதான். வாடகை வீட்டில் கண்ணியமாக வாழ முடிகிறவர் வட்டிக்குள் நுழைய வேண்டாம். வாடகை ஒப்பந்தம் முடிந்து, பிள்ளைகளோடு இடம் கிடைக்காமல் அலைபவரின் நிலை வேறு. அவர் தம் வருமானம், குடும்பம், ஊர் நிலவரம் அனைத்தையும் நம்பிக்கையான ஓர் ஆலிமிடம் திறந்து சொல்லி முடிவு கேட்கட்டும். 'ஃபத்வா இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு இரண்டாவது வீட்டை வாங்கி வாடகைக்கு விடுகிறவர், அந்த ஃபத்வாவின் நிபந்தனையையே மீறுகிறார்.

வேறு என்ன வழி?

நெதர்லாந்தின் பெரிய வங்கிகள் எதுவும் வட்டியில்லா வீட்டுக்கடன் தருவதில்லை. ஆனால் முழுக் கதவும் மூடிவிடவில்லை.

சமூக வாடகை வீட்டுக்கு இன்றே பதிவு செய்யுங்கள். ஆம்ஸ்டர்டாம் வட்டாரத்தில் காத்திருப்பு பத்தாண்டைத் தாண்டுவது சாதாரணம். அதனால்தான் 18 வயது நிறைந்த பிள்ளையின் பெயரிலும் பதிவு அவசியம். ஒவ்வோர் ஆண்டும் வரிசையில் ஓர் இடம்.

குடும்பத்துக்குள் கர்ழ் ஹஸன், அதாவது அழகிய கடன் வாங்கலாம். பெரிய தொகை என்றால் எழுத்தில் இருக்கட்டும். வட்டியில்லாக் கடனின் ஒரு பகுதியை வரித்துறை அன்பளிப்பாகக் கருத இடமுண்டு. வரி ஆலோசகரை முன்பே கேளுங்கள்.

அண்ணன் தம்பி கூட்டாக வாங்கி, குடியிருப்பவர் மற்றவரின் பங்குக்கு வாடகை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கை வாங்கிக்கொள்வது மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்ட கூட்டு முறை. ஆனால் அங்கே குடியிருக்காத பங்காளியின் பங்குக்கு வரி அதிகம்: 2025இல் 10.4 சதவீதம், 2026 முதல் 8 சதவீதம். கூட்டும்போதே அதையும் கணக்கில் சேருங்கள்.

யார் பெயரில்?

கைப்பணம் குறையும்போது நம் வீடுகளில் முதலில் கை வைப்பது மனைவியின் நகையில். அது அவருடைய சொத்து. மஹரும் அப்படியே. அவர் மனமுவந்து கொடுத்தால் அன்பளிப்பா, கடனா, வீட்டில் பங்கா என்று அன்றே பேசி எழுதிவிடுங்கள். 2018 முதல் டச்சுச் சட்டப்படி நடக்கும் திருமணங்களில், திருமணத்துக்கு முன் ஒருவருக்கு மட்டும் இருந்த சொத்து அவருக்கே உரியது. ஆனால் பத்து ஆண்டு கழித்து எந்த நகை எந்த வீடானது என்பதற்கு ஆதாரம் வேண்டுமே! உங்கள் திருமணத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதையும் நோட்டரியிடம் கேளுங்கள்.

வாரிசுரிமையும் அப்படித்தான். உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், டச்சுச் சட்டப்படி சொத்து முழுவதும் வாழ்க்கைத் துணையிடம் செல்லும். பிள்ளைகளுக்கு அதில் பணக் கோரிக்கை மட்டுமே, அதுவும் பொதுவாகத் துணையின் இறப்புக்குப் பிறகு. நம் பாகப்பிரிவினை முறை வேறு, அதில் பெற்றோருக்கும் பங்குண்டு. ஆகவே வீட்டுப் பத்திரத்துக்காக நோட்டரியிடம் போகும்போதே, வஸிய்யத்துக்கும் நேரம் கேட்டு வையுங்கள்.

கடைசியாக ஒன்று. தரகர் காட்டும் பகல் வெளிச்சத்தில் மட்டும் வீட்டைப் பார்க்காதீர்கள். குளிர்கால மாலையில் ஒருமுறை, ஃபஜ்ருக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். மஸ்ஜித் எவ்வளவு தூரம், பிள்ளை சைக்கிளில் பள்ளிக்குப் போகும் வழி எது, பக்கத்து வீட்டார் யார்? நல்ல அண்டை வீட்டாரையும் விசாலமான வீட்டையும் மனிதனின் பாக்கியங்களில் சேர்த்துச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். சதுர மீட்டர் கணக்கு விளம்பரத்தில் இருக்கும். அண்டை வீட்டாரை நாம்தான் போய்ப் பார்க்கவேண்டும்.

நம் குடும்பங்களுக்கு ஹலாலான, நிம்மதியான இல்லங்களை அல்லாஹ் இலகுவாக்கித் தருவானாக! ஆமீன்.