மண்ணுக்கடியில் எரிவாயுக் குழாய்: எப்படிப் பதிக்கிறார்கள், எங்கே தவறுகிறது?

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். காலை 8.10 மணியளவில் சுபாங் ஜெயா, புத்ரா ஹைட்ஸில் எழுந்த தீப்பிழம்பின் காணொளி உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். முதல்ல அதை ஏஐ வீடியோனு நினைச்சவங்க நிறைய பேர். தீ முழுமையாக அணைய பிற்பகல் 3.45 ஆனது. யாரும் உயிரிழக்கவில்லை. ஆனால் 140-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. குழாய் வெடித்த இடத்தில் சுமார் 9.8 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம்.

அன்று முதல் பலர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எங்க தாமான் பக்கத்துலயும் இப்படி ஒரு குழாய் போகுதா?"

அருகில் யாரோ மண் தோண்டியதுதான் காரணம் என்று அப்போது பலர் பேசினார்கள். சதியோ குற்றச்செயலோ இருந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று காவல்துறை பின்னர் அறிவித்தது. ஜூன் 30-ஆம் தேதி டோஷ் எனப்படும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை வெளியிட்ட முடிவு இன்னும் ஆச்சரியமானது. குழாயைத் துரு அரித்து மெலிய வைக்கவில்லை. குழாய்க்கு அடியில் இருந்த மண் நகர்ந்திருக்கிறது. தாங்கிப் பிடிக்க வேண்டிய நிலம் விலகியதால் குழாய் கீழே வளைந்து, திரும்பத் திரும்ப ஏற்பட்ட அழுத்தத்தில் ஒரு வெல்டிங் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது.

குழாய் எப்படிப் பதிக்கப்படுகிறது என்று தெரிந்தால்தான் இந்த முடிவு ஏன் முக்கியம் என்பது புரியும்.

எந்தக் குழாயைப் பற்றிப் பேசுகிறோம்?

மலேசியாவில் பெரும்பாலான வீடுகளில் சமையலுக்கு எல்பிஜி சிலிண்டர்தான். அது வேறு கதை. இங்கே பேசுவது திரங்கானு, கெர்த்தேயில் தொடங்கித் தீபகற்பம் முழுக்க ஓடும் பெட்ரோனாஸின் பிரதான எரிவாயுக் கட்டமைப்பைப் பற்றி. முதல் கட்டம் 1984-இல் முடிந்தது. 1992-இல் இதன் வழியாக சிங்கப்பூருக்கும் இயற்கை எரிவாயு போக ஆரம்பித்தது. இன்று மொத்த நீளம் 2,500 கிலோமீட்டருக்கு மேல். நம் வீட்டு பல்பு எரிவதற்குப் பின்னாலும் இந்தக் குழாய்கள் இருக்கின்றன, ஏனென்றால் பல மின் நிலையங்கள் இந்த எரிவாயுவில்தான் ஓடுகின்றன.

பாதையைத் தேர்வு செய்யும்போதே பாதுகாப்பு தொடங்குகிறது

உலகில் பல இடங்களில் பின்பற்றப்படும் ஏஎஸ்எம்இ பி31.8 என்ற தரநிலை, குழாய்க்கு இரு பக்கமும் சுமார் 200 மீட்டருக்குள் எத்தனை கட்டடங்கள் இருக்கின்றன என்று 1.6 கிலோமீட்டர் நீளத்துக்கு எண்ணச் சொல்கிறது. பத்து அல்லது அதற்குக் குறைவு என்றால் முதல் வகை, 46 மற்றும் அதற்கு மேல் என்றால் மூன்றாம் வகை. உயரமான கட்டடங்கள் நிறைந்த பகுதி நான்காம் வகை. வகை எண் கூடக் கூட, எஃகு தாங்கக்கூடிய அழுத்தத்தில் குறைந்த பங்கைத்தான் பயன்படுத்தலாம். முதல் வகையில் பொதுவாக 72 விழுக்காடு வரை, நான்காம் வகையில் 40 விழுக்காடு வரைதான். அதாவது ஆள் அதிகம் இருக்கும் இடத்தில் தடிமனான குழாய் போட வேண்டும், அல்லது அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

அடைப்பு வால்வுகளும் அப்படியே. முதல் வகைப் பகுதியில் இரண்டு வால்வுகளுக்கு நடுவில் சுமார் 32 கிலோமீட்டர் வரை இடைவெளி இருக்கலாம். மூன்றாம் வகையில் 16, நான்காம் வகையில் 8. புத்ரா ஹைட்ஸ் தீ ஏன் அத்தனை மணி நேரம் எரிந்தது என்று கேட்டீர்களானால், பதில் இங்கேதான் இருக்கிறது. வால்வை மூடினாலும், மூடிய இரு வால்வுகளுக்கு இடையில் ஏற்கெனவே இருக்கும் வாயு தீரும் வரை எரியும்.

இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஒரு காலத்தில் செம்பனைத் தோட்டமாக இருந்த இடத்தில் போட்ட குழாய்க்குப் பக்கத்தில் இருபது வருஷம் கழித்துத் தாமான், பள்ளிக்கூடம், மால் எல்லாம் வந்துவிடும். குழாய் நகராது, ஊர்தான் அதைத் தேடி வருகிறது. அப்படி வரும்போது வகையை மறுபடி கணக்கிட்டு, தேவைப்பட்டால் அழுத்தத்தைக் குறைக்கவோ குழாயை மாற்றவோ வேண்டும்.

வெல்டிங்கும் மேல்பூச்சும்

குழாய்கள் சுமார் 12 மீட்டர் நீளத் துண்டுகளாக லோரியில் வந்து சேரும். அவற்றைப் பாதை நெடுக அடுக்கி, முனைக்கு முனை வெல்டிங் செய்வார்கள். ஒரு கிலோமீட்டருக்கு எண்பதுக்கும் மேற்பட்ட இணைப்புகள். வேலையைத் தொடங்கும் முன்பே வெல்டர் அந்தக் குழாய் வகைக்கான தேர்வில் தேறியிருக்க வேண்டும். முடிந்த இணைப்புகளை எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பார்கள், மருத்துவமனையில் நம் எலும்பைப் பார்ப்பது போல. குறை தெரிந்தால் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும்.

இந்த நிலையில் சறுக்கினால் என்ன ஆகும்? 2010 செப்டம்பர் 9-ஆம் தேதி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சான் புருனோ என்ற ஊரில் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. அது 1956-இல் பதித்த குழாய். நீளவாக்கில் இருந்த வெல்டிங் தொடக்கத்திலேயே குறையுள்ளது. நிறுவனத்தின் ஆவணத்திலோ அங்கே மூட்டே இல்லாத குழாய் இருப்பதாக எழுதியிருந்தது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு தவறான பதிவை யாரும் சரிபார்க்கவில்லை.

வெல்டிங் முடிந்ததும் இணைப்பின் மேல் பாலிஎத்திலீன் உறை. பிறகு அதிக மின்னழுத்தம் உள்ள ஒரு வளையத்தைக் குழாய் மேல் உருட்டிக்கொண்டே போவார்கள். உறையில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் பொறி தெறித்துக் காட்டிக்கொடுக்கும். அந்த ஓட்டைக்கு இந்தத் தொழிலில் 'ஹாலிடே' என்று பெயர். ஏன் அப்படிப் பெயர் வைத்தார்களோ, அதைக் கண்டுபிடித்தால் அன்று யாருக்கும் ஹாலிடே இல்லை.

மண்தான் விஷயம்

இப்போது பள்ளம். பார்க்க எளிய வேலையாகத் தெரியும்: தோண்டு, இறக்கு, மூடு. ஆனால் பாதுகாப்பில் பாதி இங்கேதான்.

முதலில் தொழிலாளிகள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. ஒரு சிறிய கார் அளவு. பள்ளச் சுவர் சரிந்தால் ஓட நேரம் இருக்காது, மார்பு வரை புதைந்தாலே மூச்சு விட முடியாது. அதனால் ஏறத்தாழ 1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும், அல்லது பலகையும் இரும்பும் கொடுத்து முட்டுக்கொடுக்க வேண்டும். ஏறி வர ஏணி வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கக் கூடாது. அடுத்த முறை சாலையோரம் வேலை நடக்கும்போது பாருங்க, இதெல்லாம் இருக்கான்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்து குழாயின் படுக்கை. பள்ளத்தின் அடியில் கல், வேர், வெல்டிங் குச்சித் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. மணல் அல்லது சலித்த மண்ணைப் பரப்பி, அதன் மேல் குழாயை இறக்குவார்கள். வரிசையாகப் பல கிரேன்கள் ஒரே நேரத்தில் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும். ஒரு கிரேன் மட்டும் அவசரப்பட்டால் குழாய் அளவுக்கு மீறி வளையும். முக்கியமாக, குழாய் தன் முழு நீளத்துக்கும் தரையில் உட்கார வேண்டும். ஒரு முனையில் கல்லும் மறுமுனையில் வெற்றிடமும் இருந்தால் அது பாலம் போல நிற்கும். பாலம் மாதிரி நிற்க அதை வடிவமைக்கவில்லை.

பிறகு மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும். ஒரே தடவையில் கொட்டினால் உள்ளே காற்றிடைவெளி விட்டுப்போகும். அடுத்த அடைமழையில் அது அமுங்கும். குழாய்க்குச் சற்று மேலே, எதிர்காலத்தில் தோண்டுபவருக்காக எச்சரிக்கை நாடா ஒன்றையும் புதைப்பார்கள்.

நம் ஊர் மண்ணில் இன்னொரு தலைவலி தண்ணீர். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 36 அங்குல விட்டம், அரை அங்குலத் தடிமன் உள்ள எஃகுக் குழாயின் எடை மீட்டருக்குச் சுமார் 280 கிலோ. அதே ஒரு மீட்டர் குழாய் ஒதுக்கும் தண்ணீரின் எடை சுமார் 650 கிலோ. அதாவது சேற்றிலும் சதுப்பிலும் அந்தக் கனத்த இரும்பு மிதக்கப் பார்க்கும்! அதனால் அப்படிப்பட்ட இடங்களில் குழாய்க்குக் கான்கிரீட் உறை போடுவார்கள், அல்லது மேலே கான்கிரீட் எடைகளை வைப்பார்கள். எதிர்ப்பக்கம், மென்மையான மண்ணின் மேல் புதிதாக மண் மேடு போட்டாலோ, பக்கத்தில் நீரோட்டம் மாறினாலோ குழாய் தாழ்ந்து போகலாம்.

புத்ரா ஹைட்ஸில் குழாய் தன் இடத்திலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் கீழிறங்கியிருந்ததாக விசாரணை சொன்னது. பள்ளி ரூலர் ஒன்றின் நீளம் கூட இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் புல்தரைதான் தெரியும்.

தண்ணீர் வைத்துச் சோதனை

எல்லாம் முடிந்ததும் உடனே வாயுவை விட மாட்டார்கள். குழாயில் தண்ணீரை நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிடக் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை அதிகமாக ஏற்றி, பல மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். ஏன் காற்றில் செய்யக் கூடாது? காற்று அமுங்கும், அமுங்கிய சக்தி குழாய் கிழிந்தால் வெடித்து வெளியேறும். தண்ணீர் அவ்வளவாக அமுங்காது, விரிசல் விட்டால் பீய்ச்சிவிட்டு அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும்.

பிறகு தண்ணீரை வெளியேற்றி, உலர்த்தி, நைட்ரஜனை உள்ளே அனுப்பிக் காற்றை விரட்டுவார்கள். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். அந்தக் கலவை குழாய்க்குள் உருவாகவே கூடாது.

புதைத்த பிறகு யார் பார்ப்பது?

குழாய்க்கு மெல்லிய மின்னோட்டம் கொடுத்துத் துருவைத் தடுப்பார்கள். நீங்கள் சாலையோரம் பார்க்கும் சில சிறு கம்பங்கள் அதை அளக்கத்தான். குழாய்க்குள்ளேயே 'பிக்' எனப்படும் கருவியை ஓட விட்டு, காந்தத்தால் சுவரின் தடிமனைப் பார்ப்பார்கள். ஆமாம், பன்றிதான் அந்தப் பெயர்.

ஆனால் துருவைத் தேடும் பிக் சுவர் மெலிந்ததைச் சொல்லும், அடியில் மண் நகர்வதைச் சொல்லாது. அதற்குக் குழாயின் வளைவை அளக்கும் வேறு கருவி வேண்டும், நிலத்தின் அசைவை அளக்க வேண்டும், மேலே என்ன கட்டுகிறார்கள் என்று யாராவது நடந்து போய்ப் பார்க்க வேண்டும். புத்ரா ஹைட்ஸுக்குப் பிறகு நாம் அதிகம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் கருத்து. "குழாய் எத்தனை வருஷப் பழசு?" என்று எல்லாரும் கேட்டோம். "அதன் மேல் உள்ள நிலத்தைக் கடைசியாக எப்போது அளந்தார்கள்?" என்று கேட்டவர்கள் குறைவு.

தோண்டுவதும் சும்மா இல்லை. பெல்ஜியத்தில் கிஸ்லெங்கியான் என்ற இடத்தில் 2004 ஜூலை 30-ஆம் தேதி 24 பேர் இறந்தார்கள். கட்டுமான வேலையின்போது இயந்திரம் ஒன்று குழாயைக் கீறியிருந்தது. அன்றைக்கே வெடிக்கவில்லை. பின்னொரு நாள் அழுத்தம் கூடியபோது கீறல் பிளந்தது. அதனால்தான் சிங்கப்பூரில் எரிவாயுக் குழாய் அருகே மண் வேலை செய்பவர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பிரதான குழாயைச் சேதப்படுத்தினால் 10 லட்சம் வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

மலேசியாவில் நில அளவைத் துறையான ஜூபெம், நிலத்தடிக் கட்டமைப்புகளின் தரவுத்தளம் ஒன்றை வைத்திருக்கிறது. அதன் பெயர் பாடு. (நீங்கள் 2024-இல் பதிவு செய்த பாடு இல்லை, இது அதற்கு முந்தியது.) அதில் தகவல்களின் தரத்தை ஏ முதல் டி வரை பிரிக்கிறார்கள். டி என்றால் பழைய வரைபடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். ஏ என்றால் தோண்டிக் கண்ணால் பார்த்து உறுதி செய்தது. டி தரத் தகவலை நம்பி மண்வாரியை இறக்கும் குத்தகையாளர் சூதாடுகிறார்.

உங்கள் வீட்டருகே குழாய் இருந்தால்

மரமே இல்லாத நீண்ட புல்வெளிப் பட்டை, இடையிடையே எச்சரிக்கைப் பலகைகள்: அதுதான் குழாய்ப் பாதை. அங்கே மரம் நடுவது, மண் கொட்டுவது, லோரி நிறுத்துவது, கொட்டகை போடுவது எதுவும் கூடாது. யாராவது பலகையைப் பிடுங்கிப் போட்டிருந்தால் அதில் இருந்த எண்ணுக்கோ நகராண்மைக்கோ சொல்லுங்கள்.

மூக்கை மட்டும் நம்ப வேண்டாம். இயற்கை எரிவாயுவுக்கு வாசனை கிடையாது. வீடுகளுக்கும் கடைகளுக்கும் போகும் வாயுவில்தான் நாற்றத்தைச் சேர்க்கிறார்கள், பல நாடுகளில் நெடுந்தூரக் குழாய்களில் சேர்ப்பதில்லை. 'ஸ்ஸ்' என்ற சீறல், காரணமில்லாமல் பறக்கும் தூசு, குட்டையில் விடாமல் வரும் குமிழி, ஓரிடத்தில் மட்டும் கருகிய புல், நிலத்தில் புதிய விரிசல் அல்லது பள்ளம்: இவைதான் அடையாளங்கள்.

அப்படி ஏதாவது தெரிந்தால் படம் எடுக்க நிற்காதீர்கள். பக்கத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், சிகரெட் வேண்டாம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக நடந்து விலகுங்கள், அக்கம்பக்கத்தினரையும் கூட்டிக்கொண்டு. நன்றாகத் தள்ளிப்போன பிறகு 999-ஐ அழையுங்கள். தீ ஏற்கெனவே பிடித்திருந்தால் அணைக்க முயலாதீர்கள். வால்வை மூடாமல் தீயை மட்டும் அணைத்தால் வாயு பரவி வேறோர் இடத்தில் பற்றிக்கொள்ளும்.