வளர்ப்பு நாயும் ஊர்த் திடலும்

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது நம் பழமொழி. ஆனால் நாயோ, வேண்டும்பொழுது தன் வாலைத் தானே நிமிர்த்திக்கொள்கிறது. விறைத்து நிமிர்ந்த வால் எச்சரிக்கை. கால்களுக்கிடையே ஒடுங்கிய வால் அச்சம். உடலும் உடன் குழையத் தளர்ந்தாடும் வால் நட்பு. இந்த மொழியை ஓரளவேனும் கற்ற பின்னரே நாயைப் பொது இடத்துக்கு அழைத்துச் செல்லுதல் நன்று.

மட்டாஞ்சேரியில் குடியேறியுள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மிளகும் ஏலமும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகள். சரக்கு வண்டிகள் நெருக்கும் குறுகிய தெருக்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். 2005-ஆம் ஆண்டில் அஞ்சல் தலையில் இடம்பெற்ற இராசபாளையம் நாயோ, ஓட்டத்துக்குப் பெயர்பெற்ற சிப்பிப்பாறை நாயோ இங்கே நாள் முழுதும் சங்கிலியில் கிடந்தால் என்னாகும்? ஓயாது குரைக்கும், கண்டதைக் கடித்துக் குதறும், அண்டை வீட்டாரின் உறக்கம் கெடும். குற்றம் நாயினுடையதன்று, ஓட இடமின்மையே காரணம்.

இக்குறையைப் போக்கவே பெருநகரங்களில் நாய்ப் பூங்காக்கள் தோன்றின. அமெரிக்காவில் பெர்க்லி நகரில் 1979-இல் தொடங்கிய பூங்கா இவற்றுள் முன்னோடியாகக் கருதப்படுகிறது. நம் நாட்டில் ஹைதராபாத் மாநகராட்சி, கொண்டாப்பூரில் சுமார் 1.3 ஏக்கர் நிலத்தில் 2018-இல் ஒன்றைத் திறந்தது. சுற்றிலும் வேலி, உள்ளே நாய்கள் அவிழ்ந்து ஓட வெளி, உடன் நிற்கும் உரிமையாளர் ஆகிய மூன்றுமே இத்தகைய பூங்காவின் அடிப்படை.

வேலியிட்ட பூங்கா அருகில் இல்லாதார்க்கு ஊர்த் திடலே புகல். மட்டாஞ்சேரியை அடுத்த கோட்டைக் கொச்சியில் பரேடு மைதானம் உள்ளது. ஆயினும் அது சிறுவர்கள் பந்தாடும் இடம் என்பதை மறத்தலாகாது. அங்கே வாரை அவிழ்த்தல் கூடாது. ஆட்டம் தொடங்குமுன், விடியற்காலையிலேயே சென்று மீளுதல் சாலும். வெளி என்னும் பகுதியில் நம்மவரின் சலவைத் துறை இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடைகளை வெளுக்க வந்த தமிழரின் வழியினர் அங்கே இன்றும் தொழில் புரிகின்றனர். உலரும் துணிகளுக்கிடையே நாய் புகுந்துவிட்டால், ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உழைப்பு பாழாகும்.

புறப்படுமுன் செய்யவேண்டியவை சில உள. குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் கூறியவாறு ஆண்டுதோறும் தொடர்தல் வேண்டும். உள்ளாட்சி மன்றத்தின் உரிமமும் பெறுதல் வேண்டும். மழைக்காலத்தில் தேங்கிய நீரை நாய் குடிக்க விடலாகாது. எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். வெயிலில் சுட்ட தார்ச்சாலை அதன் பாதங்களைப் புண்ணாக்கும். கழிவை அள்ள ஒரு பையும் உடனிருக்கட்டும். தெரு நாய்கள் சூழ்ந்தால் ஓடாமலும் கூச்சலிடாமலும், வாரைக் குறுகப் பிடித்து மெல்ல விலகுதல் நலம்.

இத்தனை கவனம் எதற்கு என்று சிலர் வினவலாம். வெறிநோய் வெளிப்பட்ட பின்னர் அதைக் குணப்படுத்த உறுதியான மருந்து இன்றளவும் இல்லை. 2025-ஆம் ஆண்டு கேரளத்தில், கடிபட்டுத் தடுப்பூசி தொடங்கப்பெற்ற குழந்தைகள் சிலரும் உயிரிழந்தனர். நோய்க் கிருமி நரம்பு வழியே மூளையை நாடுவதால், தலையிலும் முகத்திலும் படும் கடி மிகக் கொடியது. கடித்தது வீட்டு நாயேயாயினும், புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுக. மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாயும் அப்பற்க. உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியையும், ஆழ்ந்த புண்ணாயின் எதிர்ப்புப் புரத ஊசியையும் பெறுக. வரிசை ஊசிகளில் ஒன்றையும் தவறவிடலாகாது.

மலையாளத்தில் 'பட்டி' என்றால் நாய். கோவில்பட்டியிலிருந்து வந்தவர் தம் ஊர்ப் பெயரைச் சொல்லும்பொழுது புன்னகை எழலாம். ஆனால் 'கடிக்குமோ?' என்னும் வினா இரு மொழிக்கும் பொது. திடலில் ஒரு குழந்தை நம்மைப் பார்த்து அவ்வாறு கேட்குமாயின், 'கடிக்காது' என்னும் வாய்ச்சொல் மட்டும் விடையாகாது. கையில் குறுகப் பிடித்த வாரும், காலந்தவறாது போட்ட ஊசியுமே விடை. அவ்விடையை நாள்தோறும் அளிப்பவர் நாயை மட்டுமன்று, வந்த ஊரில் நல்ல அயலாரையும் வளர்த்துக்கொள்கிறார்.